விபாவா பள்ளத்தாக்கின் திராட்சைக் கொடிகள்: வாசகர் கேள்வி – பதில்

பலத்த காற்று வீசும் இடங்களில் கொடிப் பயிர் நிலைத்து நிற்குமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதியபோது, ஸ்லோவேனியாவின் மேற்கு எல்லையிலுள்ள விபாவா பள்ளத்தாக்கை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து சென்றேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்தப் பள்ளத்தாக்குக்கே ஒதுக்குகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: விபாவா எங்கே இருக்கிறது? அது பெரிய திராட்சைப் பகுதியா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஸ்லோவேனியா தன் திராட்சை நிலங்களை மூன்று பெரும் வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. வடகிழக்கில் பொத்ராவியே, தென்கிழக்கில் பொசாவியே, மேற்கில் கடற்பக்கமாகப் பிரிமோர்ஸ்கா. பிரிமோர்ஸ்காவுக்குள் அடங்கிய நான்கு பகுதிகளுள் ஒன்று விபாவா பள்ளத்தாக்கு. மற்றவை கொரிஷ்கா பிர்தா, கிராஸ், ஸ்லோவேனிய இஸ்திரியா. விபாவாவில் திராட்சை பயிராகும் பரப்பு ஏறத்தாழ 2,000 ஹெக்டேர். பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் கணக்கில் இது மிகச் சிறியது.

வடக்கிலும் கிழக்கிலும் திர்னோவோ வன மேட்டுநிலமும் நானோஸ் மலையும் மதில்போல் நிற்கின்றன. நானோஸின் உச்சி 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. தெற்கே தாழ்ந்த குன்றுகளும் அவற்றுக்கு அப்பால் கிராஸ் மேட்டுநிலமும் உள்ளன. மேற்குப் பக்கம் மட்டும் திறந்தே கிடக்கிறது. நானோஸின் அடிவாரத்தில், விபாவா என்னும் சிற்றூருக்குள்ளேயே பல ஊற்றுகளாகப் பீறிட்டு வரும் விபாவா ஆறு அந்தத் திறந்த வாசல் வழியே இத்தாலிக்குள் சென்று சோச்சா ஆற்றில் கலக்கிறது. சோச்சாவை இத்தாலியர் ஐசான்ஸோ என்பர். ஆறு வெளியேறும் அதே வாசல் வழியாகத்தான் ஆட்ரியாட்டிக் கடலின் இளஞ்சூடான காற்று உள்ளே வருகிறது. ஆல்ப்ஸ் மலைகளுக்கு இவ்வளவு அருகில் அத்திமரமும் திராட்சையும் செழிப்பதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழையா? உண்மை என்றால் கொடி எப்படித் தாங்குகிறது? – ஒரு வாசகர், நாகர்கோவில்

அச்சுப்பிழை இல்லை. அந்தக் காற்றுக்கு அங்கே ‘பூர்யா’ என்று பெயர். மேட்டுநிலத்துக்கு அப்பால், நாட்டின் உட்பகுதியில் தேங்கும் கனத்த குளிர்காற்று மலைவிளிம்பைத் தாண்டி, அணை உடைந்த வெள்ளம்போல் வடகிழக்கிலிருந்து பள்ளத்தாக்கில் கொட்டுகிறது. இறங்கும்போது அது ஓரளவு சூடேறினாலும், கீழே இருக்கும் கடற்காற்றைவிடக் குளிர்ந்ததாகவும் கனமானதாகவுமே இருப்பதால் அதன் வேகம் குறைவதில்லை. சீராக வீசாமல் அடித்து அடித்து ஓய்வது அதன் இயல்பு. நானோஸ் அடிவாரத்தில் பொத்னானோஸ் ஊரையொட்டிய விரைவுச் சாலையில் 200 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகள் அளக்கப்பட்டிருக்கின்றன. காற்று வலுத்தால் அந்தச் சாலையில் சரக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பழைய வீடுகளின் கூரை ஓடுகள்மேல் வரிசையாகக் கற்களைப் பாரமாக வைத்திருப்பதை இன்றும் காணலாம்.

பூர்யா அதிகம் வீசுவது குளிர்காலத்தில். அப்போது கொடி இலையுதிர்ந்து, கட்டையாக, உறக்கத்தில் இருக்கிறது. காற்றுக்குப் பிடிகொடுக்க அதில் எதுவும் இல்லை. ஆபத்து வசந்தத்தில்தான். புதிதாக விட்ட இளந்தளிர்கள் கைபட்டாலே ஒடியக்கூடியவை. அந்த நாள்களில் ஒரு பூர்யா வந்தால் அவ்வாண்டு விளைச்சலில் ஒரு பகுதி தரையில் கிடக்கும். ஆகவே கம்பிகளில் தளிர்களைத் தக்க நேரத்தில் கட்டுவது அங்கே தலையாய வேலை. கவாத்து, அதாவது கிளை வெட்டுதல், முடிந்தபின் எஞ்சிய கிளைகளைக் கம்பியில் வளைத்துக் கட்ட ‘பேகா’ எனப்படும் மெல்லிய வில்லோ மர வளார்களைப் பயன்படுத்தும் வழக்கம் பழைமையானது. வளார் இறுகப் பிடிக்கும், ஆனால் கொடியின் தோலை அறுக்காது.

இதே காற்றுதான் கொடியின் மருத்துவனும்கூட. ஆட்ரியாட்டிக்கிலிருந்து ஈரத்தோடு வரும் மேகங்கள் திர்னோவோ மதிலில் மோதிக் கொட்டுவதால், பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 முதல் 1,500 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. திராட்சைக்கு இது மிக அதிகம். இவ்வளவு ஈரத்தில் அடிச்சாம்பல் நோயும் குலை அழுகலும் தோட்டத்தைத் தின்றுவிட வேண்டும். மழை ஓய்ந்ததும் வரும் வறண்ட பூர்யா இலைகளையும் குலைகளையும் சில மணி நேரத்தில் உலர்த்திவிடுவதால், பூஞ்சைக்கு முளைக்க ஈரம் கிடைப்பதில்லை. மழைக்குப் பிந்தைய நாள் எப்படி இருக்கிறது என்பதையும் கேட்காமல் மழையளவை மட்டும் பார்த்து ஓர் ஊரின் பயிர்வளத்தை எடைபோடக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது விபாவாவைப் படித்தபோதுதான்.

காற்றின் கொடுமையை மூடிமறைக்கவும் மாட்டேன். 2012 பிப்ரவரியில் பல நாள் நீடித்த பூர்யா, உழுது வெறுமையாகக் கிடந்த பள்ளத்தாக்கின் அடிநிலத்து வயல்களிலிருந்து மேல்மண்ணை அள்ளிச் சென்றது. 1980களில் நிலச்சீரமைப்பு என்ற பெயரில் வயல்களை இணைத்து, ஓடைகளை நேராக்கி, வரப்போர மரங்களை அகற்றியிருந்தார்கள். காற்றைத் தடுத்து நின்ற அந்த மர வரிசைகளின் அருமை அதன்பின் பெரிதும் பேசப்பட்டது.

கேள்வி: விபாவாவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலை என்று கேள்விப்பட்டேன். தோட்டத்து மண்ணும் அதுதானா? – ஒரு வாசகர், அரியலூர்

சுண்ணாம்புக்கல் நாட்டிலிருந்து வந்த நல்ல கேள்வி. மலை சுண்ணாம்புக்கல், தோட்டம் வேறு கல். பள்ளத்தாக்கின் அடியிலும் தெற்குக் குன்றுகளிலும் இருப்பது ‘ஃப்ளிஷ்’ எனப்படும் அடுக்குப் பாறை. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழ்கடல் தரையில், மண்ணும் மணலும் மாறி மாறிப் படிந்து இறுகியதால் உண்டானது. ஓர் அடுக்கு சுண்ணாம்புச் சத்துள்ள களிப்பாறை, அடுத்தது மணற்பாறை. இவற்றின்மேல் பிற்காலத்தில் சுண்ணாம்புக்கல் திட்டுகள் நகர்ந்து ஏறி உட்கார்ந்துவிட்டன. ஆகவே அங்கே வயதில் மூத்த பாறை மேலேயும் இளையது கீழேயும் இருக்கிறது.

இதன் விளைவு நீரில் தெரிகிறது. மேலேயுள்ள சுண்ணாம்புக்கல் மழையை முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ளிஷ் நீரை உள்ளே விடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் வெளியே வந்தே தீர வேண்டும். விபாவா ஊற்றுகளும் அய்தோவ்ஷ்சினா ஊருக்கு மேலேயுள்ள ஹூபெல் ஊற்றும் அப்படி வெளிவந்தவை. அதே சந்திப்பு நிலச்சரிவுக்கும் இடமளிக்கிறது: லோகாவெட்ஸ் ஊருக்கு மேலே ‘ஸ்லானோ பிளாட்டோ’ எனப்படும் சேற்றுச்சரிவு 2000 நவம்பரில் பெருமழைக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது.

கொடிக்கு ஃப்ளிஷ் ஏற்றது. வெயிலும் உறைபனியும் பட்டால் களிப்பாறை சில்லுசில்லாக நொறுங்கி மண்ணாகிவிடும். வேர் அந்தப் பிளவுகளில் இறங்கும். பக்கத்துப் பிர்தாவில் இந்த நொறுங்கும் பாறையை ‘ஓபோகா’ என்று அன்போடு அழைக்கிறார்கள். ஆனால் மேல்மண் ஆழமற்றது. சரிவில் பெருமழை அதை அரித்துச் சென்றுவிடும். குன்றுகளில் படிக்கட்டு போன்ற மேடைகள் வெட்டியிருப்பது அழகுக்காக அன்று, மண்ணைப் பிடித்துவைக்க. மழை மிகுந்த அதே பள்ளத்தாக்கில் கோடையில் கொடி தாகத்தில் வாடுவதும் இந்த ஆழமின்மையால்தான்.

கிராஸ் மேட்டுநிலத்தில் கதை வேறு: அங்கே சுண்ணாம்புக்கல்மீது இரும்புச் சத்துள்ள செம்மண். அதில் ரெஃபோஷ்க் கொடி தரும் ‘தெரான்’ என்னும் புளிப்பான கருஞ்சிவப்பு ஒயின் தனிப் புகழ் பெற்றது. சில கிலோமீட்டர் இடைவெளியில் கல் மாறினால் குவளையும் மாறிவிடுகிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் கவாத்துக் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் பழம் எடுக்கிறோம். அங்கேயும் அப்படி முடியுமா? பந்தல் உண்டா? – ஒரு வாசகர், கம்பம்

முடியாது. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. எப்போது வெட்டுகிறோமோ அப்போதிலிருந்து அதற்குக் காலம் தொடங்குகிறது. விபாவாவில் குளிர்தான் கணக்கை வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் கவாத்து, ஏப்ரலில் தளிர், ஜூனை ஒட்டிப் பூ, ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை அறுவடை. ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. அந்த ஒன்றையும் ஏப்ரல் உறைபனி ஓர் இரவில் கருக்கிவிடலாம். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து அப்படி நேர்ந்தது. குளிர்ந்த காற்று தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால், நல்ல தோட்டங்கள் பள்ளத்தாக்கின் தரையில் இல்லாமல் சரிவுகளில் இருக்கின்றன.

பந்தல் உண்டு, ஆனால் இன்று பெரும்பாலும் வீட்டு முற்றத்து நிழலுக்கு. தோட்டங்கள் கம்பி வரிசைகளுக்கு மாறிவிட்டன. நூறாண்டுகளுக்கு முன் நீங்கள் அங்கே சென்றிருந்தால் தனித் திராட்சைத் தோட்டத்தையே அரிதாகத்தான் பார்த்திருப்பீர்கள். முசுக்கொட்டை, மேப்பிள் போன்ற மரங்களில் கொடியை ஏற்றி, வரிசைகளுக்கிடையே கோதுமையோ சோளமோ விதைத்து, முசுக்கொட்டை இலையைப் பட்டுப்புழுவுக்குக் கொடுத்து, ஒரே நிலத்தில் மூன்று நான்கு வருமானம் பார்த்த கலப்பு வேளாண்மை அந்த வட்டாரத்தின் பழைய முறை.

கேள்வி: அங்கே திராட்சை பயிரிடத் தொடங்கியது எப்போது? – ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

உறுதியாகச் சொல்லத்தக்க காலம் உரோமருடையது. அக்விலேயா என்னும் பெரிய துறைமுக நகரிலிருந்து எமோனாவுக்கு, அதாவது இன்றைய லியுப்லியானாவுக்குச் செல்லும் பாதை இந்தப் பள்ளத்தாக்கின் வழியே சென்றது. இன்றைய அய்தோவ்ஷ்சினா அக்காலத்தில் ‘குளிர்ந்த ஆற்றங்கரைக் கோட்டை’ என்னும் பொருளுள்ள லத்தீன் பெயரோடு இருந்தது; 3ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவரின் பகுதிகள் இன்றும் ஊருக்குள் நிற்கின்றன.

கி.பி. 238இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த வட்டாரத்துத் திராட்சையின் அளவைக் காட்டுகிறது. பேரரசர் மாக்சிமினஸ் தம் படையோடு அக்விலேயாவை முற்றுகையிட வந்தபோது, நகரத்தார் ஐசான்ஸோ ஆற்றின் கற்பாலத்தை இடித்துவிட்டிருந்தனர். ஆறு பெருக்கெடுத்து ஓடியது. ஆளில்லாத ஊர்களில் கிடந்த காலி மர ஒயின் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே சுள்ளியும் மண்ணும் பரப்பி, அந்த மிதவையின்மீது படை ஆற்றைக் கடந்தது என்று வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதுகிறார். ஒரு படையைக் கடத்தும் அளவுக்குப் பீப்பாய்கள் கிடைத்தன என்றால் எவ்வளவு திராட்சை விளைந்திருக்க வேண்டும்! கடந்து வந்த படை செய்த வேலைகளுள் ஒன்று, சுற்றியிருந்த கொடிகளையெல்லாம் வெட்டிச் சாய்த்தது.

இன்னொரு போரில் பூர்யாவே பேசப்படுகிறது. 394 செப்டம்பர் 5, 6 தேதிகளில் இந்தக் ‘குளிர்ந்த ஆற்ற’ங்கரையில் உரோமப் பேரரசர் தியோடோசியஸ், தமக்குப் போட்டியாகப் பேரரசர் பட்டம் சூடிய யூஜீனியஸின் படையைத் தோற்கடித்தார். எதிரிகளின் முகத்தில் அறைந்த கடுங்காற்று அவருக்குத் துணைநின்றதாகப் பழைய ஆசிரியர்கள் பாடியும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபினரின் ஆட்சியில், விபாவா ஒயின் மலைப்பாதை ஏறி வடக்கு நகரங்களுக்கு வண்டி வண்டியாகச் சென்றது.

கேள்வி: சென்ற இதழில் ‘ஒரு பாதிரியாரின் புத்தகம்’ என்று குறிப்பிட்டீர்கள். யார் அவர்? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

இந்தக் கேள்வி வர வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பெயர் மத்தியா வெர்தோவெட்ஸ். 1784இல் விபாவா குன்றுகளில் ஷ்மார்யே ஊரையொட்டிப் பிறந்து, நானோஸ் அடிவாரத்து ஷென்ட்வித் ஊரில் பங்குத்தந்தையாகப் பணியாற்றி, 1851இல் மறைந்தவர். ஷென்ட்வித் என்பதே இன்றைய பொத்னானோஸ். நான் மேலே சொன்ன, காற்றின் வாசலில் இருக்கும் அதே ஊர்.

அப்போது அது ஆஸ்திரியப் பேரரசு. அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் ஜெர்மன் மொழி. கொடியோடு பாடுபட்டவர் மொழி ஸ்லோவேனியம். வேளாண் அறிவு நூல்களில் இருந்தது, ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டியவரால் அந்த நூல்களைப் படிக்க முடியாது. 1843இல் உழவருக்கும் கைவினைஞருக்குமாக லியுப்லியானாவில் ஸ்லோவேனிய மொழியில் ‘நோவித்சே’ என்னும் இதழ் தொடங்கியது. வெர்தோவெட்ஸ் அதில் எழுதினார். அடுத்த ஆண்டே, 1844இல், அவருடைய ‘வினோரேயா’, அதாவது ‘கொடி வளர்ப்பு’, வெளிவந்தது. ஸ்லோவேனிய மொழியில் திராட்சை வேளாண்மைக்கென எழுந்த முதல் நூல் அதுவே. நடவு, கவாத்து, எந்த நிலத்துக்கு எந்த இனம், பாதாள அறையின் தூய்மை, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு சேர்த்து நொதிக்கவைக்கும் பழைய விபாவா முறை என்று, தம் மக்கள் செய்துவந்ததையும் செய்யத் தவறியதையும் அவர்கள் பேச்சிலேயே எழுதினார்.

அத்தோடு அவர் நிறுத்தவில்லை. 1840இல்தான் ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் நூல் வேளாண் வேதியியல் என்ற துறையையே ஐரோப்பாவுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியிருந்தது. 1847இல், ஏழே ஆண்டுகளில், மலையடிவாரத்து ஒரு கிராமப் பாதிரியார் அத்துறை பற்றி உழவர்களுக்காக ஸ்லோவேனியத்தில் ஒரு நூலை வெளியிட்டுவிட்டார். வேதியியலுக்கான சொற்களே அந்த மொழியில் நிலைபெறாத காலம் அது. பள்ளத்தாக்கின் வரலாற்றில் பேரரசர்களின் போர்களைவிட இந்த இரு நூல்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் மறைந்து முப்பது நாற்பது ஆண்டுகளில் கொடிகளுக்குப் பேரழிவு வந்தது. அப்போது எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்த உழவருக்கு, கொடியைப் பற்றித் தாய்மொழியில் படிப்பது ஏற்கெனவே பழகிய காரியமாக இருந்தது.

இன்று விபாவா ஊரின் நடுவேயுள்ள லான்தியேரி மாளிகையில் நோவா கொரித்சா பல்கலைக்கழகத்தின் திராட்சை வேளாண்மை, ஒயின் துறைகள் இயங்குகின்றன. அவர் பணியாற்றிய ஊரிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவுதான்.

கேள்வி: நீங்கள் சொல்லும் பேரழிவு ஃபிலாக்செராவா? பழைய இனங்கள் எதுவும் தப்பவில்லையா? – ஒரு வாசகர், ஓசூர்

ஆம், ஃபிலாக்செராதான். வட அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு ஐரோப்பாவுக்கு வந்த, வேரை உறிஞ்சும் சிறு பூச்சி. 1880களில் ஸ்லோவேனிய நிலங்களை அடைந்தது. அதற்கு முன்பே 1850களில் சாம்பல் நோய் வந்து வாட்டியிருந்தது. ஐரோப்பியக் கொடியின் வேர் ஃபிலாக்செராவுக்குப் பலியாகும். அமெரிக்கக் கொடியின் வேர் தாங்கும். ஆகவே அமெரிக்க வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே வழி. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த விபாவா மண்ணில் பல அமெரிக்க வேர்ச்செடிகள் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளித்துப்போகும். சுண்ணாம்பைத் தாங்கும் ‘பெர்லாண்டியேரி’ என்னும் அமெரிக்க இனத்தின் கலப்புகள் கிடைத்த பிறகே ஒட்டுக்கன்றுகள் அத்தகைய மண்ணில் நன்கு காலூன்றின. இந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1894இல், விபாவாவில் திராட்சை உழவர்களின் கூட்டுறவு தொடங்கியது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடும்போது யாரும் பிரச்சினைக்குரிய இனத்தை நட மாட்டார்கள். மெர்லோ, பார்பேரா என்னும் வெளியூர்ச் சிவப்பு இனங்கள் அதிகமாயின. ஸெலென், பினேலா, கிளார்னித்சா, வித்தோவ்ஸ்கா, பொல்ஷாகித்சா போன்ற உள்ளூர் வெள்ளை இனங்கள் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. ரெபூலா மட்டும் பிர்தாவின் துணையோடு தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

கேள்வி: எல்லைகள் மாறியதால் பாதிப்பு ஏதும் உண்டா? – ஒரு வாசகர், சென்னை

நிறைய. 1915 முதல் 1917 வரை சோச்சா ஆற்றங்கரையில் இத்தாலியும் ஆஸ்திரியா–ஹங்கேரியும் பன்னிரண்டு போர்கள் நடத்தின. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி போர்முனையாகவும், மேற்பகுதி அதன் பின்முற்றமாகவும் மாறின. 1920 ரப்பாலோ உடன்படிக்கையால் பள்ளத்தாக்கு இத்தாலிக்குச் சென்றது. 1947இல் யூகோஸ்லாவியாவுக்கு வந்தது. 1991 முதல் ஸ்லோவேனியா. வீட்டை விட்டு நகராத ஒரு முதியவர் நான்கு நாடுகளில் வாழ்ந்திருக்கலாம்.

1947இன் கோடு திராட்சைக்குக் குறிப்பாக வலித்தது. பள்ளத்தாக்கு காலங்காலமாக விளைச்சலைக் கொண்டுசென்று விற்ற கொரீத்ஸியா நகரம் எல்லைக்கு அப்பால் போயிற்று. அதற்கு மாற்றாக நோவா கொரித்சா, அதாவது ‘புதிய கொரீத்ஸியா’, வெறும் நிலத்தில் எழுப்பப்பட்டது. 1953இல் தனியார் வேளாண் நிலத்துக்கு 10 ஹெக்டேர் உச்சவரம்பு வந்தது. திராட்சையைக் கூட்டுறவு ஆலைக்குக் கொடுக்க வேண்டிய நிலையில், ஒரு குடும்பத்தின் பெயரில் குப்பி வெளிவருவது அரிதாயிற்று. சிறு குடும்பப் பாதாள அறைகள் தம் பெயரில் விற்கத் தொடங்கியது பெரும்பாலும் 1990களையொட்டி. 2007இல் எல்லைச் சோதனை நீங்கியது. 2025இல் கொரீத்ஸியா, நோவா கொரித்சா ஆகிய இரு நகரங்களும் ஒன்றாக ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தன.

கேள்வி: வீட்டு வாசலில் கொடியைத் தொங்கவிட்டால் ஒயின் விற்கிறார்கள் என்று பொருளாமே? – ஒரு வாசகர், பெங்களூரு

அது ‘ஓஸ்மித்சா’. ‘ஓஸெம்’ என்றால் எட்டு. உழவர் தம் சொந்த ஒயினை வீட்டிலேயே ஆண்டில் எட்டு நாள் விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் யோசேப்பு காலத்து 1784 ஆணையோடு இணைத்துச் சொல்லப்படும் உரிமை. வெர்தோவெட்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு. விற்பனை நடக்கும் வீட்டுக்கு வழிகாட்டச் சாலை முனையில் ஐவிக் கொடியின் கொத்தைத் தொங்கவிடுவார்கள். திராட்சைக் கொடியை அன்று.

கேள்வி: ஸெலென் என்ற பெயரே அழகாக இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று எழுதுங்களேன். – ஒரு வாசகி, புதுச்சேரி

‘ஸெலென்’ என்றால் பச்சை. ஒயினில் தெரியும் இளம்பச்சைச் சாயலால் வந்த பெயர். விபாவா பள்ளத்தாக்குக்கே உரிய இனம். வெர்தோவெட்ஸின் 1844 நூலிலேயே இடம்பெற்றது. ரோஸ்மேரி, லாவெண்டர் போன்ற மூலிகைகளின் மணம் அதன் அடையாளம். காற்று மிகுந்த, சற்றுக் குளிர்ந்த மேல்பள்ளத்தாக்கில்தான் அந்த மணம் தெளிவாக நிற்கிறது. பிரானிக், டோர்ன்பெர்க் பக்கமுள்ள வெப்பமான கீழ்ப்பகுதி சிவப்பு இனங்களுக்கே ஏற்றது. ஸெலென் விளைச்சலில் நம்பத்தக்கதன்று, நோய்க்கும் எளிதில் ஆட்படும். ஃபிலாக்செராவுக்குப் பிந்தைய நடவில் அது ஒதுக்கப்பட்டதற்கு இந்தக் குறைகளே காரணம். ஒதுக்கப்பட்டாலும் பழைய தோட்டங்களில் கலவையாக நின்ற சில கொடிகளை யாரும் வெட்டவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றிலிருந்து கிளைத் துண்டுகள் எடுத்துப் பெருக்கித் தனித் தோட்டங்கள் நட்டார்கள். இன்று விபாவாவைச் சேர்ந்தவர் விருந்தினருக்கு முதலில் ஊற்ற விரும்புவது பெரும்பாலும் ஸெலெனாகவோ பினேலாவாகவோ இருக்கும். மெர்லோ எங்கும் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.